பதிவேட்டில் ஏறிய பெயர்
சென்னை, இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வரலாறு: ஓர் ஒப்பாய்வு

வடசென்னையில் 'ஹார்பரில் நிரந்தர வேலை' என்னும் சொல்லுக்கு நெடுங்காலம் ஒரு தனி மதிப்பு இருந்தது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பெண் கொடுக்க வருவோர் அச்சொல்லைக் கேட்டவுடன் மேற்கொண்டு வினவாமல் தாம்பூலம் மாற்றிக்கொண்டதுண்டு. ஆனால் அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்த அவர்களுடைய பாட்டனாருக்கு அத்தகைய மதிப்பு இருந்ததில்லை. அவர் 'ஹார்பர் கூலி'. இன்று வேலை உண்டு, நாளை உண்டா என்பது மேஸ்திரியின் கண்ணசைவைப் பொறுத்தது. கூலி என்னும் சொல் தொழிலாளி என்னும் சொல்லாக மாறிய வரலாறு நம் சமூகத்தின் வரலாற்றில் ஒரு முதன்மையான அதிகாரமாகும்.

இம்மாற்றம் சென்னையில் மட்டும் நிகழ்ந்ததன்று. நம்மை ஆண்ட நாட்டின் தலைநகரான இலண்டனிலும் துறைமுகக் கூலிகள் இருந்தனர். அவர்களும் வாயிலில் நின்று வேலைக்கு ஏங்கினர். இவ்விரு துறைமுகங்களின் தொழிலாளர் வரலாற்றை அருகருகே வைத்து நோக்கின், எவை எங்கும் பொதுவான துன்பங்கள், எவை இம்மண்ணுக்கே உரிய சாதிக் கொடுமையால் விளைந்தவை என்பது தெளிவாகும். அத்தெளிவை நாடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு துறைமுகங்களின் தோற்றம்

தேம்சு ஆற்றங்கரையில் மேற்கிந்தியக் கப்பல்துறை 1802-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையை இறக்குவதற்கென்றே வணிகர்கள் அதனைக் கட்டினர். அடுத்து வந்த நூறாண்டுகளில் ஆற்றின் இரு மருங்கும் கப்பல்துறைகள் பெருகின.

சென்னைக்கோ இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசுலாப் படகுகளில் படகோட்டிகள் அலைகளைக் கடந்து சரக்கையும் பயணிகளையும் கரை சேர்த்தனர். 1861-இல் இரும்புப் பாலத்துறை அமைந்தது. 1870-களில் செயற்கைத் துறைமுகம் கட்டும் பணி தொடங்கியது. 1881 நவம்பரில் வீசிய புயல் அதனைச் சிதைத்தது. மீண்டும் கட்டப்பட்ட துறைமுகத்தின் ஆட்சி 1905-இல் துறைமுகப் பொறுப்புக் கழகத்திடம் வந்தது. சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தலைவராக இருந்த காலத்தில் துறைமுகத்தின் வாயில் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றப்பட்டு, அலைகளின் தாக்குதல் தணிக்கப்பட்டது.

இதற்கிடையே 1856-இல் இராயபுரத்திலிருந்து புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் சுற்று மாவட்டங்களின் நிலமற்ற மக்கள் பிழைப்பு நாடிச் சென்னை நோக்கி வந்தனர். கிராமத்துப் பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்த சேரி மக்களுக்கு நகரம் கொடியதாயினும், கையில் காசாகக் கூலி தந்தது. மாலையில் பெற்ற கூலியை எவர் அனுமதியும் இன்றிச் செலவிடலாம் என்பது அவர்கள் அதுவரை அறியாத உரிமையாகும்.

வாயிலில் நின்ற கூட்டம்

துறைமுகத் தொழிலின் இயல்பே நிலையாமை. கப்பல் வரின் ஆயிரம் கைகள் வேண்டும். வராவிடின் ஒரு கையும் வேண்டாம். இவ்வேற்றத்தாழ்வின் சுமையை யார் தாங்குவது என்பதே இரு நாட்டிலும் அடிப்படைக் கேள்வி. முதலாளிகள் இதற்கு எளிய விடை கண்டனர். தேவைக்கு மிகுதியான மக்களை வாயிலில் நிற்கவைத்து, வேண்டியவரை மட்டும் அழைத்துக்கொண்டனர். இலண்டனில் இவ்வாறு அழைக்கும் மேற்பார்வையாளன் முன்னே பசித்தவர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு முண்டியடித்தனர். சென்னையில் அவ்விடத்தில் நின்றவர் மேஸ்திரி. ஆளை எடுப்பவரும் அவர், முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டுபவரும் அவர், கூலியில் பங்கு பிடிப்பவரும் அவர்.

1889 ஆகஸ்டு 14-ஆம் நாள் இலண்டன் கப்பல்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். மணிக்கு ஆறு பென்சு கூலி, ஒருமுறை அழைத்தால் குறைந்தது நான்கு மணி நேர வேலை என்பன அவர்தம் முக்கியக் கோரிக்கைகள். பென் டில்லெட் முதலியோர் தலைமை தாங்கினர். ஆஸ்திரேலியத் தொழிலாளரும் மக்களும் ஏறத்தாழ 30,000 பவுன் அனுப்பினர். கத்தோலிக்கக் கார்டினல் மேனிங் இடைநின்று பேச, செப்டம்பர் நடுவில் வேலைநிறுத்தம் வெற்றியில் முடிந்தது. கைத்திறனில்லாக் கூலிகள் சங்கம் அமைக்க இயலாது என்னும் பழங்கருத்து அன்று தகர்ந்தது. ஆயினும் வாயிலில் நின்று ஆளெடுக்கும் முறை ஒழியவில்லை. கூலி உயர்ந்தது, நிலையாமை நீடித்தது.

வழக்கு மன்றத்தில் சங்கங்கள்

சங்கம் அமைத்தபின் அதனைச் சட்டத்தின் தாக்குதலிலிருந்து காப்பது அடுத்த போராட்டம். 1900-இல் தென் வேல்சில் டாஃப் வேல் இரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். கம்பெனி அவர்தம் சங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 1901-இல் பிரபுக்கள் சபை சங்கமே இழப்பீட்டுக்குப் பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது. சங்கம் 23,000 பவுன் செலுத்த நேர்ந்தது. வெகுண்டெழுந்த தொழிலாளர் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1906-இல் இயற்றப்பட்ட தொழில் தகராறுச் சட்டம் சங்கங்களுக்குப் பாதுகாப்பு அளித்தது.

இதே வரலாறு சென்னையில் திரும்ப நிகழ்ந்தது. 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியார், இராமாஞ்சுலு நாயுடு ஆகியோர் முயற்சியில் பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் உறுதுணையாக நின்றார். 1920-இன் இறுதியில் பக்கிங்ஹாம் ஆலையில் எழுந்த தகராறில், பின்னி கம்பெனி வாடியா முதலியோர்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. வாடியா சங்கப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. இவ்வழக்கு நாடெங்கும் அதிர்வை உண்டாக்கிற்று. 1921-இல் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கப் பாதுகாப்புச் சட்டம் வேண்டுமெனத் தீர்மானம் கொணர்ந்தார். அதன் பயனாய் விளைந்ததே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். ஆக, இந்தியத் தொழிலாளர் அனைவருக்கும் சங்க உரிமை பெற்றுத்தந்த வழக்கு நம் வடசென்னையில் தோன்றியதென்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது.

1921: பிரிந்த கைகள்

பெருமையை மட்டும் கூறி நிறுத்துவது வரலாறாகாது. 1921-இல் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் நிகழ்ந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் இரு கூறாயினர். ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். அதன் விளைவாகப் புளியந்தோப்பிலும் சுற்றுப்புறத்திலும் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. வீடிழந்த ஆதிதிராவிடர்க்கு அரசு வியாசர்பாடியில் முகாம் அமைத்தது. ஆதிதிராவிடர்க்கு அரசு சலுகை காட்டுகிறது என்று நீதிக்கட்சித் தலைவர்கள் குறை கூற, எம். சி. இராஜா அதனை எதிர்த்து வாதாடினார். 1923-இல் அக்கட்சியினின்றும் விலகினார். வேலைநிறுத்தம் 1921 அக்டோபரில் தோல்வியில் முடிந்தது.

'கருங்காலிகள்' என்று நம் முன்னோரைச் சிலர் பழித்தனர். அப்பழி நேர்மையானதா? வேலையை நிறுத்துவோனுக்கு இரண்டு வேண்டும்: பட்டினியைத் தாங்கச் சிறிதேனும் சேமிப்பு, துன்பத்தில் தோள் கொடுக்கும் என்னும் நம்பிக்கை. சேரியில் வாழ்ந்தவனிடம் முதலாவது இல்லை. ஆலைக்கு வெளியே கிணற்றிலும் தெருவிலும் தன்னை ஒதுக்கியவர், ஆலைக்குள் மட்டும் உடன்பிறந்தார் ஆவர் என்று அவன் நம்புவதற்கு என்ன ஆதாரம் இருந்தது? ஆகவே இரண்டாவதும் அவனிடம் இல்லை. அதே வேளை, அப்பிளவினால் இறுதியில் பயனடைந்தது ஆலை முதலாளி என்பதையும் மறைத்தல் கூடாது. இரு சாராரும் தோற்றனர்.

இவ்விடத்தில் இலண்டனின் ஒரு நிகழ்ச்சி ஒப்பிடத்தக்கது. கிழக்கு இலண்டனில் கப்பல்துறைத் தொழிலாளரில் பலர் ஐரிஷ் கத்தோலிக்கர். அவர்களுக்கு அருகே உருசியாவிலிருந்து ஓடிவந்த யூதத் தையல் தொழிலாளர் வாழ்ந்தனர். இரு சாராருக்கும் இடையே மதப் பகைமை இல்லாமல் இல்லை. 1912-இல் கப்பல்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து பசியால் வாடியபோது, அவர்தம் குழந்தைகளை யூதத் தொழிலாளர் தங்கள் இல்லங்களில் வைத்துச் சோறூட்டினர். 1936 அக்டோபர் 4-ஆம் நாள் மோஸ்லியின் பாசிச அணி யூதர்களின் தெருக்களுக்குள் நுழைய முயன்றபோது, கேபிள் தெருவில் அதனை மறித்து நின்றவர்களுள் கப்பல்துறைத் தொழிலாளரும் இருந்தனர். ஒரே வீட்டில் உண்ட உறவு இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் பலன் தந்தது. 1921-இல் புளியந்தோப்பில் ஒரு வீட்டார் மற்றொரு வீட்டில் உண்ணும் வழக்கமே இல்லை. நம் நாட்டின் தொழிலாளர் ஒற்றுமைக்கு உலை வைத்தது இதுவே.

எனினும் இலண்டனை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடலும் தகாது. 1968 ஏப்ரலில் ஈனக் பவல் என்னும் அரசியல்வாதி குடியேறிய கருநிற மக்களுக்கு எதிராகப் பேசியபோது, அவரை ஆதரித்து நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் சென்றவரும் இலண்டன் கப்பல்துறைத் தொழிலாளரே. சங்கம் என்னும் அமைப்பு தானாகவே மனிதனைப் பேதமற்றவனாக்கிவிடாது. அதனை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்றல் வேண்டும்.

பதிவேடு பிறந்த கதை

பிரிட்டிஷ் தொழில் உறவு முறைக்குப் பெயர் தந்த ஜே. எச். விட்லி என்பவரே 1929-இல் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய வந்த அரசக் குழுவுக்கும் தலைவரானார். 1931-இல் வெளிவந்த அதன் அறிக்கை, துறைமுகக் கூலிகளைப் பதிவுசெய்து முறைவைத்து வேலை அளிக்கவேண்டும் என்றும், மேஸ்திரியின் பிடியைத் தளர்த்தவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பல ஆண்டுகள் அது ஏட்டளவில் கிடந்தது.

இலண்டனில் அதனை நிறைவேற்ற ஒரு போர் தேவைப்பட்டது. 1940-இல் தொழிலாளர் அமைச்சரான எர்னெஸ்ட் பெவின், எட்டு வயதில் தாயை இழந்து, பதினோரு வயதில் பள்ளியை விட்டுப் பண்ணை வேலைக்குச் சென்றவர். 1920-இல் நடந்த விசாரணையில் கப்பல்துறைத் தொழிலாளருக்காக வாதாடிப் புகழ் பெற்றவர். அவர் போர்க்காலத்தில் புகுத்திய பதிவு முறை 1946-இல் சட்டமாகி, 1947-இல் தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டமாக நிலைபெற்றது.

அதே போர்க்காலத்தில், 1942 முதல் 1946 வரை, இந்திய அரசின் தொழிலாளர் துறை டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் பொறுப்பில் இருந்தது. அரசு, முதலாளி, தொழிலாளி என முத்தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து பேசும் முறை அவர் காலத்தில் வேரூன்றிற்று. வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்னும் வரம்பு 1946-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஏறியது. அவருக்குப் பின் தொழிலாளர் அமைச்சரானவர் பாபு ஜெகஜீவன்ராம். ஆரா நகரப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட மாணவருக்கென வைக்கப்பட்ட தனித் தண்ணீர்ப் பானையை உடைத்த சிறுவன் அவர். அவர் அமைச்சராக இருந்த 1948-இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 1951-இல் பம்பாயில் திட்டம் அமைந்தது. 1950-களின் முற்பகுதியிலேயே சென்னையிலும் துறைமுகத் தொழிலாளர் வாரியம் செயற்படலாயிற்று.

வாரியம் செய்த வேலை எளிதில் விளங்கக்கூடியது. தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது. அடையாள அட்டை கொடுத்தது. வேலையை மேஸ்திரியின் விருப்பப்படி அன்றி, முறை வரிசைப்படி பகிர்ந்தது. வேலைக்கு வந்தும் வேலை இல்லாத நாளுக்கு வருகைப்படி அளித்தது. மாதத்தில் இத்தனை நாட்களுக்குக் குறையாமல் ஊதியம் என்று உறுதி செய்தது. இதற்கான செலவைச் சரக்கேற்றும் நிறுவனங்களிடமிருந்து தீர்வையாகப் பெற்றது. கப்பல் வராத நாளின் சுமை கூலியின் வயிற்றிலிருந்து முதலாளியின் கணக்குக்கு மாறியது. அடிப்படைக் கேள்விக்கு அளித்த நேர்மையான விடை இது.

ஒப்பும் வேற்றுமையும்

இரு திட்டங்களும் ஒரே கருத்தினின்று பிறந்தவையாயினும் இரண்டு வேற்றுமைகள் உண்டு.

முதலாவது, பிரிட்டிஷ் வாரியங்களில் முதலாளிகளும் சங்கங்களும் சரிபாதியாக அமர்ந்தனர். அரசு சற்று விலகி நின்றது. இந்திய வாரியங்களில் அரசு மூன்றாம் தரப்பாக அமர்ந்து தலைவரையும் நியமித்தது. இதனைச் சிலர் அடிமைப் புத்தி என்பர். எளிய சாதியில் பிறந்தவனுக்கு முதலாளியும் அந்நியன், சிலபோது சங்கத் தலைவனும் அந்நியன். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அரசு நடுவில் இருப்பது அவனுக்கு ஒரு பிடிமானம்.

இரண்டாவது, இலண்டனில் பதிவேட்டு இடங்கள் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. வெளியார் நுழைவது அரிதாயிற்று. இந்தியாவில் மத்திய அரசின்கீழ் இயங்கிய துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. மூட்டை சுமந்தவர் மகன் எழுத்தராகவும், கிரேன் இயக்குபவராகவும், பொறியாளராகவும் அமர வழி பிறந்தது.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் தொழிலாளர் துறை என்றால் வேலைவாய்ப்பும் தகராறும் மட்டுமே. சென்னை மாகாணத்தில் 1920-ஐ ஒட்டி ஏற்பட்ட தொழிலாளர் ஆணையர் பதவியின் முதன்மைக் கடமையோ ஆதிதிராவிடர்க்கு வீட்டுமனை, கிணறு, பள்ளி அமைத்தல். அன்று தோன்றிய தொழிலாளர் துறைப் பள்ளிகளே பிற்காலத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. உழைப்பும் சாதியும் பிரிக்க முடியாதவை என்பதை அப்பெயரே சான்று கூறிற்று.

பெட்டகம் வந்தபின்

கண்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகம் இரு துறைமுகங்களையும் புரட்டிப்போட்டது. நூறு பேர் பல நாள் செய்த வேலையை ஒரு பளுதூக்கி சில மணி நேரத்தில் முடித்தது. இலண்டனில் 1967-இல் தொழிலாளர் நிரந்தர முதலாளிகளிடம் ஒப்படைக்கப்பட்டு நாட்கூலி முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் கப்பல்துறைகளே ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1981-இல் அரச கப்பல்துறைகளும் அடைபட்டன. 1989-இல் தேசியத் திட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது. வேலையிழந்த பதிவுத் தொழிலாளருக்கு 35,000 பவுன் வரை இழப்பீடு தரப்பட்டது.

சென்னையில் பாரதி கப்பல்துறையில் பெட்டக முனையம் 1983-இல் திறக்கப்பட்டது. 1997-ஆம் ஆண்டுச் சட்டம் பெருந்துறைமுகங்களில் வாரியங்களைப் பொறுப்புக் கழகங்களுடன் இணைக்க வழி செய்தது. சென்னை வாரியமும் 2001-இல் இணைக்கப்பட்டது. இங்கே ஒரு வேறுபாடு காண்க: பிரிட்டனில் தொழிலாளிக்குப் பணம் தந்து பதிவேட்டை மூடினர், இங்கே பதிவுபெற்ற தொழிலாளி துறைமுக ஊழியனானான். அத்தலைமுறைக்கு நம் முறை மேலானதாக இருந்தது.

அடுத்த தலைமுறைக்கு? 2001-இல் சென்னைப் பெட்டக முனையம் பி அண்டு ஓ என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்திடம் குத்தகைக்குச் சென்றது. அந்நிறுவனத்தை 2006-இல் துபாய்த் துறைமுக நிறுவனம் வாங்கியது. தேம்சு ஆற்றின் முகத்தில் 2013-இல் திறக்கப்பட்ட புதிய இலண்டன் துறைமுகமும் அதே துபாய் நிறுவனத்தினுடையது. நூறாண்டுகளுக்கு முன் ஆண்டவனும் அடிமையுமாக இருந்த இரு நகரங்களின் துறைமுகத் தொழிலாளர் ஒரே முதலாளியின்கீழ் வந்தனர். எண்ணூரில் 2001-இலும் காட்டுப்பள்ளியில் அதற்குப் பின்னும் புதிய துறைமுகங்கள் எழுந்தன. தனியார் முனையங்களில் இட ஒதுக்கீடு இல்லை. பழைய பதிவேடும் இல்லை. ஒப்பந்தக்காரர் வழியாக ஆள் எடுக்கும் முறை பரவியது. மேஸ்திரி வேட்டியைக் களைந்து கால்சட்டை அணிந்து திரும்பி வந்துள்ளார் எனின் மிகையாகாது. 1926-ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்துக்கு மாற்றாக 2020-இல் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதில் நமக்குள்ள உரிமைகள் எவை, இழந்தவை எவை என்பதை நம் இளைஞர் படித்தறிதல் கடமை.

நாம் செய்ய வேண்டுவன

இவ்வொப்பாய்வு நமக்கு உணர்த்துவன மூன்று. நிலையான வேலை எவரும் தந்த பிச்சையன்று. இரு நாடுகளிலும் தலைமுறைகளின் போராட்டத்தால் வந்தது. சட்டம் வந்தபின்னும் அது காக்கப்படாவிடின் போய்விடும். சாதியை வீட்டில் வைத்துக்கொண்டு ஆலையில் ஒற்றுமை பேசுவது 1921-ஐப் போலத் தோல்வியில் முடியும்.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்துக்கு இரு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று, மாலை வகுப்புகளில் கணக்கும் ஆங்கிலமும் கற்பிப்பதோடு, சம்பளச் சீட்டைப் படிக்கவும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கைச் சரிபார்க்கவும், வேலை ஒப்பந்தத்தில் கையொப்பம் இடுமுன் அதன் விதிகளைப் புரிந்துகொள்ளவும் கற்பிக்கவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியாகப் போகும் மாணவனுக்கு இவை பாடநூலைப் போன்றே இன்றியமையாதவை.

மற்றொன்று, நம் வீடுகளின் பெட்டிகளில் துறைமுகத் தொழிலாளர் வாரியத்தின் அடையாள அட்டைகள், வில்லைகள், சங்கச் சந்தா இரசீதுகள் இன்னும் கிடக்கின்றன. பழங்காகிதம் என்று எடைக்குப் போடுவதன்முன் அவற்றைச் சங்க நூலகத்தில் சேர்ப்பீர்களாக. பண்ணை அடிமையாக வந்தவரின் பெயர், ஓர் அரசு ஏட்டில், அவர் தந்தையின் பெயருடனும் வரிசை எண்ணுடனும் உரிமையுடையவராக முதன்முதல் எழுதப்பட்டது அவ்வட்டைகளில்தான். அவற்றைப் பார்த்து வளரும் பிள்ளை, தன் பெயரும் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும் என்று கேட்கத் துணிவான்.